நூல் பிடித்தாற்போல்

பெங்களூருக்கும் மும்பைக்கும்
நூல் பிடித்தாற்போல் போனால்
எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர்.
டிக்கெட்டில் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
என் மடியில் ஒரு நீலப் பெட்டி.

உள்ளே, இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள்,
யாரோ ஒருவரின் குருத்தணுக்கள்.
நீர்த்த தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு பை,
தம்ளருக்குக் கொஞ்சம் கூட.
கொடுத்தவர் பெயர் எனக்குத் தெரியாது,
வாங்கப்போகிறவர் பெயரும்.
இருவருக்கும் நடுவில் ஓர் எண் இருக்கிறது,
பிறகு நான்.

எக்ஸ்ரேயில் விடக்கூடாது என்று
கடிதத்தை நீட்டியபோது
காவலர் மூன்று முறை படித்தார்,
மூன்றாம் முறை உதடு அசையாமல்.
பிறகு இரு கையாலும் தூக்கித் தந்தார்,
தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல்.

ஜன்னலோரத்துப் பெண்மணி கேட்டார்:
"மீனா?"
இல்லை என்றேன்.
"அப்ப கேக்."
கேக்காகவே இருக்கட்டும்.
அடுத்த பிறந்தநாள் வருமா என்று
ஒரு வீடு நாள் எண்ணும்போது
அது முழுப் பொய்யும் இல்லை.

இறங்கத் தொடங்குகிறோம் என்ற அதே குரல்
ஆறு நிமிடம் கழித்து மன்னிப்புக் கேட்டது.
ஓடுபாதையில் நெரிசலாம்.
சாய்ந்து திரும்பினோம்.
ஜன்னலில் தண்ணீர், ஜன்னலில் நகரம்,
மறுபடி தண்ணீர், மறுபடி நகரம்.
செக்குமாடு நடந்த தூரத்தை
எந்த வரைபடம் குறித்து வைக்கிறது?

நான்கு சுற்று. இருபத்தாறு நிமிடம்.
கீழே ஏதோ ஒரு வார்டில்
பழைய மஜ்ஜையை மருந்தால் எரித்து முடித்துவிட்டுப்
புதியது வரட்டும் என்று வெறுமையாய்ப் படுத்திருப்பவருக்கு
நாங்கள் ஒரு சத்தமாகவாவது கேட்டிருப்போமா?
பெட்டியின் சின்னத் திரையில் 4.6.
பிறகு 4.7.
அதற்குமேல் பார்க்கவில்லை.
பார்த்தேன். 4.7.

நீலத் தார்ப்பாய்க் கூரைகளை உரசுவதுபோல் இறங்கினோம்.
வெளியே ஜெபக்கனி, தாராவிக்காரர்,
வண்டியை அணைக்காமல் நின்றார்.
"சார், இங்கேருந்து பரேல் பதினஞ்சு கிலோமீட்டர்.
ப்ளேனுக்கு ஒரு நிமிஷம் சொச்சம்.
நமக்கு ஒண்ணேகால் மணி."

சயான் தாண்டியதும் கல்யாண ஊர்வலம்.
பேண்டு, ட்யூப்லைட் குடைகள்,
குதிரைமேல் முகம் மறைத்த மாப்பிள்ளை.
ஜெபக்கனி ஹாரனில் கைவைத்தார்,
என்ன நினைத்தாரோ, எடுத்துக்கொண்டார்.
குதிரை நின்று ஒரு சாமந்திப் பூவைத் தின்றது.
நிதானமாகத் தின்றது.

வார்டில் சிஸ்டர் பெட்டியை வாங்கி
நேரம் எழுதினார்: 21.42.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
"கடல், நான்கு முறை" என்று நான் எழுதினேன்.
அவர் சிரிக்கவில்லை.
அடித்துவிட்டுப் "போக்குவரத்து" என்று திருத்தினார்.
உள்ளே போக இரண்டு கண்ணாடிக் கதவுகள்.
முதலாவது வரைதான் எனக்கு.
இரண்டாவதற்குள் பெட்டி போன தூரம்
இருபது அடி இருக்கும்.
கணக்கில் அதையும் யாரும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை திரும்பிய விமானம்
பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது.
கைதட்டினார்கள் சிலர்.
அந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
பெட்டிகள் வரும் பட்டையருகே நின்றேன்,
எனக்கென்று எதுவும் வரப்போவதில்லை என்று தெரிந்தும்,
கைகளை
மடியில்லாத இடத்தில்
இன்னும் கொஞ்சம் ஏந்தியபடி.