ஆவது

நேற்றைய செய்தியைத் திறந்து
ஐந்தை அழித்து ஆறு போடுகிறேன்.
'ஒகேனக்கல்லில் பரிசல் இயக்க
ஆறாவது நாளாகத் தடை.'
பிலிகுண்டுலு கன அடியையும் மாற்ற வேண்டும்.
போன வருஷம் மறந்துபோனேன்,
மூன்று நாள் காவிரி ஒரே அளவில் ஓடியது
தருமபுரிப் பதிப்பில் மட்டும்.

முதல் நாளுக்கு எண் கிடையாது.
அன்று அது வெறும் தடை.
மடம் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிய
பெங்களூர் கார்களின் படம், நான்கு பத்தி.
இரண்டாவது நாள் வந்துதான்
அதை முதல் நாள் ஆக்கியது.
தம்பி பிறக்கும்வரை
யாரும் மூத்தவர் இல்லை.

மூன்றாவது நாள் படம் போயிற்று.
ஏழாவது நாள் ஒரு பத்தி.
ஒன்பதாவது நாள்
பாப்பாரப்பட்டியில் ஆடு திருடிய இருவருக்குக் கீழே.

சேலம் டெஸ்க்கிலிருந்து அன்புக்கரசு சொன்னார்:
"ஒம்பது வரைக்கும் எழுத்துல போடுங்க,
பத்துல இருந்து எண்ணு. நடுவுல சின்னக் கோடு.
அப்புறம் 'ஆம்' வேணாம், 'ஆவது' போடுங்க.
ஆம்னா முடிஞ்சுபோன மாதிரி இருக்கு."

10-வது. 11-வது.
ஊட்டமலை பச்சியப்பன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவார்.
அவர் கணக்கில் எப்போதும் ஒரு நாள் கூடுதல்.
உத்தரவுக்கு முந்தின நாளே
தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துவிட்டதாம்,
ஓர் ஆள் ஏறவில்லையாம்.
"அதையும் சேத்துக்கங்க சார்."
சேர்க்க முடியாது, அரசு சொன்னதிலிருந்துதான் எண்ண வேண்டும்
என்று சொல்வதற்குள் அவர்
கோத்திக்கல்லில் கவிழ்த்துப் போட்ட பரிசலுக்கடியில்
நாய் குட்டி போட்ட கதைக்குப் போய்விட்டார்.
நாலு குட்டி. எது முதல், எது கடைசி,
அதுக்கே தெரியாதாம்.

மீன் வறுக்கும் முனிரத்தினம்மா
கிலோ கணக்கில் வாங்கிய பழைய தாள்கள்
அடுப்புப் பக்கத்தில் அடுக்கியபடியே இருக்கின்றன.
சுற்றிக் கொடுக்க மீன் இல்லை.
எட்டாவது நாளின் மேல் ஒன்பதாவது நாள்,
எண்ணெய் படாமல்.

பதினான்கில் அன்புக்கரசு சொன்னார்:
"போதும். நீக்குனா சொல்லுங்க."
அன்றைக்குத்தான் குட்டிகள் கண் திறந்தன,
அதுவும் போகவில்லை.
பதினைந்தாவது நாள் எந்தத் தாளிலும் கிடையாது.
தொங்குபாலத்தில் நின்றேன்,
பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத இரைச்சல்.

சாயங்காலம் போன் மட்டும் நிற்கவில்லை.
"நாளைக்காவது விடுவாங்களா?
ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.
குழுக் கடன்ல ரெண்டாவது தவணை நின்னுபோச்சு,
அரை நாளாவது ஓட்டினா..."
இத்தனை வருஷம் கோடு போட்டு ஒட்டிய சொல்
அவர் வாயில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
நான் போன நாட்களின் பின்னால் ஒட்டுகிறேன்,
அவர் வராத நாளின் பின்னால்.
அச்சுக்குப் போகாது என்று தெரிந்தும்
எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தேன்.
17-வது. 18-வது.
கன அடியையும்.

நீக்கினார்கள், ஒரு வெள்ளிக்கிழமை காலை.
'22 நாட்களுக்குப் பிறகு அனுமதி' என்று
அன்புக்கரசு தலைப்பு வைத்தார்.
வது போயிற்று, நான்கு பத்தி வந்தது.
இந்த முதல் நாளுக்கு மட்டும்
'முதல் நாளிலேயே குவிந்த கூட்டம்' என்று எண் இருந்தது.

"மொத பரிசல் யாரோடது? பேரு வேணும்."
டோக்கன் வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.
பச்சியப்பன் இருநூற்றுப் பதினொன்றாவது.
கோத்திக்கல்லுக்குப் போனபோது
பரிசலை அவர் இன்னும் நிமிர்த்தவில்லை.
ஓரத்தை ஒரு சாண் தூக்கிப் பிடித்து
உள்ளே பார்த்து
நாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்:
"நாளைக்காவது எந்திரிச்சுப் போ."