இழப்பின் காரணம்

சாங்கி பிசினஸ் பார்க், நான்காம் மாடி.
இரவு இரண்டு மணி. குளிரூட்டி இருபதில் நிற்கிறது.
கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது,
கட்டட நிர்வாகத்துக்கு எழுதி மூன்று மாதமாகிறது.
ஹஸ்லினா மகனின் பள்ளிக் கம்பளிச் சட்டையைப்
போர்த்தியிருக்கிறாள்.
நான் டெக்சஸின் குளிரைத் தட்டச்சு செய்கிறேன்.

அங்கே குழாய் வெடித்தால் இங்கே ஓர் எண்.
கூரை இறங்கினால் இன்னோர் எண்.
கோப்புக்குப் பதினொரு நிமிடம்.

சேர்ந்த முதல் வாரம் வரலாறு நடத்தினார்கள்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு, ஜனவரி பன்னிரண்டு,
நம் கணக்கில் போகியோ அதற்கு முன்பின்னோ.
காலை இதமாக இருந்ததால்
கனத்த கோட்டை வீட்டில் விட்டுவிட்டு
சமவெளிப் பள்ளிக்கூடங்களுக்குப் போன பிள்ளைகள்.
அடுத்த படத்தைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினார்
பயிற்றுநர் குவோக் மெங்.
அதே ஆண்டு மார்ச்சில்
தந்திக் கம்பிகள் அறுந்து நியூயார்க் ஊமையானது.
எழுபத்தெட்டில் பாஸ்டன் பக்கத்து நெடுஞ்சாலையில்
ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள் புதைந்தன.
புகைக்குழாயைப் பனி அடைக்க,
கதகதப்புக்கு ஓடவிட்ட இயந்திரமே
சிலரை உறங்கவைத்தது.
தொண்ணூற்று மூன்றில் அலபாமா முதல் மெய்ன் வரை
ஒரே புயல்.
அதற்குள் எத்தனை சிங்கப்பூர் அடங்கும் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

படிவத்தில் இந்த வெள்ளைக்கு ஒன்பது குறியீடுகள்.
என்னிடம் ஒரே சொல்.
புல்நுனியில் நிற்பது பனி,
ஊரை மூடுவதும் பனி,
கண் பனித்தது என்றால் அது வேறு.
ஆண்டின் ஆறு பருவங்களில்
முன்பனி பின்பனி என்று இரண்டைக் கொடுத்தவர்கள்
அது இரும்புக் குழாயைப் பிளக்கும் என்று
நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்று வந்தது மறுபரிசீலனைக் கோப்பு, ஈராண்டுப் பழசு.
பிப்ரவரி இரண்டாயிரத்து இருபத்தொன்று. பின்பனி.
டேரல் ஹப்னர், வேக்கோவுக்கு வெளியே,
மின்சாரம் இல்லாத மூன்றாம் இரவு.
சாப்பாட்டு நாற்காலி, நான்கு.
புத்தக அலமாரி, ஒன்று.
தொட்டில், ஒன்று, ஓக் மரம்.
பக்கத்தில் பேனாவால், யாரும் கேட்காமலே:
காலியாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் கணப்பில் போட்டிருக்கிறார்.
நாற்காலிகள் முதலில்.
தொட்டில் விடியற்காலை நாலரைக்கு.
நேரத்தையும் எழுதியிருக்கிறார்.

இழப்பின் காரணம் என்ற பெட்டியில் அம்புக்குறி துடிக்கிறது.
தீ என்று போட்டால் அடுத்த கேள்வி திறக்கும்:
விபத்தா, வேண்டுமென்றா?
வேண்டுமென்றே என்றால் சிவப்பு. கோப்பு மூடிக்கொள்ளும்.
பனி எதையும் எரிக்காது, பிரேமலதா,
என்றான் குழுத்தலைவன் ஜெரால்ட்,
போன வாரம், ஒரு சோபாவுக்காக.
அவன் சொன்னது சரிதான்.

ஹஸ்லினா எட்டிப் பார்த்தாள்.
நாற்பது நிமிடமா ஒரே கோப்பா?
தொட்டில், என்றேன்.
அவள் திரையைப் படித்தாள்.
பிறகு தன் நாற்காலிக்குப் போய்
சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

உறைபனி என்று போட்டேன்.
விளக்கம் தேவை என்றது.
மரம் குளிரால் சேதமடைந்தது, என்று எழுதினேன்.
பொய்யா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.
திங்களன்று அது ஜெரால்டிடம் போகும்.
திரும்பியும் வரலாம்.

ஆறு மணிக்குக் கீழே இறங்கினோம்.
நான்கு நாளாக விடாத பருவமழை.
இருபத்திரண்டு பாகை என்று வானொலி அலறுகிறதாம்,
டாக்சி ஓட்டுநர் கழுத்தில் மப்ளர்.
கதவு திறந்ததும் வெளிக்காற்று,
வெந்நீர்த் துணிபோல் முகத்தில்.
மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனித்துவிட்டது.
ஹஸ்லினா தெரியவில்லை. பேருந்து எண் தெரியவில்லை.
துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
இரண்டு பேருந்துகள் போயிருக்கும்.