தகர்

ஹார்லன்ஸ் கிரீக்கில் ஆட்டுக்குள் போகும் வழி
பின்னங்கால் இடுக்கில்.
வேறெங்கே வைப்பதாம் என்பார்
சாவி வைத்திருக்கும் நெவில் ஸ்ட்ரான்.
இருபது வருடமாக இதே ஜோக்.
ஆண்டுக்கு இரண்டு முறை சிரித்துவிடுகிறேன்,
பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பதுபோல.

பதினெட்டு மீட்டர் உயரம்.
வெளியே சிமெண்டுச் சுருள்கள், உள்ளே இரும்புச் சட்டம்,
இரண்டுக்கும் நடுவில் தகரம்.
கம்பளி விலை ஏறியிருந்தபோது
ஒரு பண்ணைக்காரர் கட்டினார்.
விலை விழுந்தபின் அவர் மனைவி
ஊரூராக ஏலத்துக்குப் போய்ச்
சாமிகளை வாங்கி வயிற்றை நிரப்பினாள்.

ஆட்டுக்கு நாலு இரைப்பை.
முதலாவதில் ரஷ்யப் பலகை ஓவியங்கள், புகையேறிய கன்னங்களோடு.
அடுத்ததில் பர்மா புத்தர்கள், இருவருக்கு மூக்கில்லை.
மூன்றில் மணிலாவின் மாதா:
முகமும் கைகளும் தந்தம்,
பாவாடைக்குள் வெறும் மரக்கூண்டு.
நெடுஞ்சாலையைப் பார்த்தபடி
அசைபோட்டுக்கொண்டே நிற்கிறது ஆடு.
இதுவரை ஒருவரும் செரிக்கவில்லை.

என் வேலை காற்று.
சாமிகளை நான் சதவீதத்தில் அறிவேன்.
மரத்துக்கு ஐம்பது ஈரம்,
வெண்கலத்துக்கு நாற்பதே அதிகம்.

ஜனவரி. வெளியே நாற்பத்தைந்து டிகிரி.
கம்ப்ரசர் செத்து மூன்று நாள்.
புது பாகம் சிட்னியில், லாரியில் ஏறாமல்.
தகரம் விரிய விரிய
ஆடு முனகுகிறது.

நாலாவது இரைப்பையில்
ஒரு கிடா வாகனம்.
இலுப்பை மரம், பத்து வயதுப் பிள்ளையின் உயரம்.
வயிற்றில் கயிறு இறுக்கிய தழும்புகள்,
ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒன்றாக.
அட்டையில் எழுதியிருந்தது:
செம்மறி. தென்னிந்தியா. ஏறியவர் பற்றித் தகவல் இல்லை.

தகவல் இல்லையாம்.
வேள்வித் தீயிலிருந்து எழுந்து
மூவுலகையும் முட்டித் திரிந்தது,
ஒரு பையன் கொம்பைப் பிடித்து அடக்கி
ஏறி உட்கார்ந்துகொண்டான் என்றேன்.
நெவில் நாற்பது வருடம் மயிர் கத்தரித்தவர்.
தலையை ஆட்டினார்.
"கொம்பைப் பிடித்தால் திமிறும்.
தாடையைப் பிடிக்கணும்.
அந்தப் பையனுக்கு யாரும் சொல்லலையா?"

அப்போதுதான் அந்தச் சத்தம்.
டிக்.
தகர் என்றால் கிடா.
தகர் என்றால் உடை.
பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது
இன்று ஒரே காதில் விழுந்தது.
கழுத்தில் மயிரிழை வெடிப்பு.
ஈரமானியில் இருபத்தொன்று.

இறக்கிவிடலாம் என்றேன்.
பின்னங்காலின் அடிப்பகுதி தரைக்குக் கீழே, குளிர்ச்சி.
நான் இடுப்பைத் தாங்கினேன்.
அவர் முன்னால் போய், யோசிக்காமல்,
இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்தார்.
ம்ம், ம்ம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே
முப்பத்தாறு படி.
அது திமிறவில்லை.

கொட்டகையிலிருந்து கம்பளி கொண்டுவந்தார்,
விற்காமல் கிடந்த எட்டு உரோமம்.
நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டோம், மரத்தில் படாமல்.
கற்பூரமில்லை, சந்தனமில்லை;
கால்வரை நிறைந்தது ஈர ஆட்டு நாற்றம்.
விடிகாலை மூன்றுக்கு நாற்பத்திரண்டு.
நெவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வேலைத்தாளில் நிரப்பினேன்:
தண்ணீர், அறுபது லிட்டர்.
கம்பளி, எட்டு, திருப்பித் தரவேண்டும்.
அட்டையில் தவறு ஒன்று, திருத்தவில்லை.
வாடிக்கையாளர் கையொப்பம் என்ற கட்டத்தை
இருவரையும் எழுப்பாமல்
காலியாக விட்டேன்.