கத்தரிக்காய் என்ன விலை

பரவை மார்க்கெட்டின் விலைப்பட்டியல் ஓடும் சர்வர்
இலந்தைக்குளத்தில், எங்கள் நான்காம் மாடியில்.
அதைக் கண்காணிக்க எந்த புரோட்டோகால் என்று
மதியம் முழுக்க வெள்ளைப் பலகையில் சண்டை.

"அதுவே சொல்லட்டும்" என்றான் எட்வின்.
"கத்தரிக்காய் முத்துனா
கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்?"
செடியே கருகிப்போனா
யாருய்யா தூக்கிட்டு வருவா, என்றேன்.

"அப்ப நீ கேளு. முப்பது நொடிக்கு ஒருதரம்,
டூர் போன பிள்ளைக்கு அம்மா போன் போடுற மாதிரி."

சுகிர்தா சிரிக்காமல் கணக்குப் போட்டாள்.
யூடிபி மலிவு, எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காது.
டிசிபி கைகுலுக்கி, விசாரித்து, விடைபெற்றுப் போகும்.
நூற்றிப்பத்து செயலிக்கு அத்தனை மரியாதை
கட்டுப்படி ஆகுமா?
டீ ஆறியது. முடிவு இல்லை.

அன்றிரவே வந்தது.
மூன்றேகால். பரவையில் லாரி இறங்கும் நேரம்.
பிங் போட்டேன்: இருக்கேன்.
போர்ட்டைத் தட்டினேன்: திறந்துதான் இருக்கு.
நிலைக் குறியீடு இருநூறு, எல்லாம் சுகம்.
திரையில் மட்டும் கத்தரி இருபத்திரண்டு,
முந்தாநாள் விலை.
ஏலம் முப்பத்தெட்டில் போகுதுய்யா என்று
போனில் கத்துகிறார் கமிஷன் கடை செந்தட்டி.

மூச்சு இருந்தது.
உள்ளே ஆள் இல்லை.

காலையில் பலகையை அழித்தேன்.
எச்டிடிபி போதும்.
நாம் கேட்டாலும் சரி, அது சொன்னாலும் சரி,
உயிரோடு இருக்கியா என்கிற கேள்வி மட்டும் வேண்டாம்.
இனி ஒரே கேள்வி:
கத்தரிக்காய் இப்ப என்ன விலை,
எத்தனை மணிக்கு எழுதினது?

எட்வின் பலகையைப் பார்த்தபடி நின்றான்.
"மார்க்கெட் லீவு அன்னைக்கு?"

சுகிர்தா மறுபடி
மார்க்கர் மூடியைத் திறந்தாள்.