எத்தனை காப்பி

குடியாத்தம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறேன்.
செத்தவர்களின் ஆதார் அட்டையைக்
கண்ணாடியில் கவிழ்த்து மூடுவேன்.
வெளிச்சம் ஒருமுறை முகத்தைத் தடவிவிட்டுப் போகும்.
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.

போன ஆனியில் சேம்பள்ளியிலிருந்து வந்தார்கள்,
நாலு அண்ணன் தம்பி, ஒரு அக்கா.
அப்பன் விட்டுப்போனது
முக்கால் ஏக்கர், ஒரு போர்வெல்.
"பசங்களுக்கே தெரியும்னு இருந்துட்டாரு" என்றாள் அக்கா.
தெரியும்தான்.
ஐந்து பேருக்கும் ஐந்து விதமாகத் தெரியும்.
மோட்டார் ரூமில் மூன்று பூட்டு தொங்குகிறதாம்.
வேர்க்கடலை கருகிக்கொண்டிருக்கிறது,
பூட்டு ஒன்றிலும் துரு இல்லை.
தினம் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பத்திரம் எழுதும் ஏகாம்பரம் சொன்னார்:
"எழுதாம செத்தா சட்டம் எழுதும்மா.
அதுக்கு உன் மூஞ்சி தெரியாது."

ராத்திரி என் கணக்கைப் போட்டேன்.
கடை அட்வான்ஸ் எண்பதாயிரம்.
மெஷின் ரெண்டு, ஒன்று பேப்பர் தின்னும்.
நெல்லூர்ப்பேட்டையில் ஒன்றேகால் சென்ட்டில் ஷீட் வீடு.
காதில் கிடப்பது அரை சவரன்.

"நான் எழுதலன்னா இதெல்லாம் யாருக்கு?"
ஏகாம்பரம் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்,
"புள்ள இல்லல்ல? புருஷனுக்கு."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்
கோலார் போய் வருகிறேன் என்று பஸ் ஏறியவன்.
விவாகரத்து கேட்கவும் முகவரி இல்லாதவன்.
அவன் திரும்பி வர ஒரு காரணம்
இன்னும் மிச்சமிருக்கிறது:
என் சாவு.

உள்ளே ஷமீமா பேப்பர் நிரப்பிக்கொண்டிருந்தாள்.
எனக்கு டெங்கு வந்தபோது
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதினோரு நாள் படுத்துக் கிடந்தவள்.
ஃபாரத்தில் 'உறவு' என்ற கட்டத்துக்கு முன்
பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
கடைசியில் 'கடை' என்று எழுதினாள்.

சட்டத்தின் பட்டியலில் மாமன் உண்டு, மச்சினன் வழி உண்டு.
கடை இல்லை.

எழுதினா சீக்கிரம் போயிடுவோம்,
பயமா கீது என்பார்கள்.
நான் பார்த்தவரை
எழுதினவரும் போனார், எழுதாதவரும் போனார்.
எழுதாதவர் மட்டும்
ஐந்தைந்து காப்பியாக என் கடைக்குத் திரும்பி வருகிறார்.

கங்கையம்மன் சிரசு முடிந்த மறுநாள்
கடைவீதியில் இன்னும் கற்பூர வாசனை.
ஒரு வெள்ளைத்தாள் போதும் என்றார் ஏகாம்பரம்.
முத்திரைத்தாள்கூட வேண்டாமாம்.
'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்'
என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
அந்த வரிக்குக் கீழே நானே கோடு போட்டேன்.
வாழ்க்கையில் அப்படிச் செய்தது குறைவு.

கோலார்காரனுக்கும் ஒரு வரி உண்டு:
கல்யாண போட்டோ,
அவன் மறந்துபோன குடை.

சாட்சிக்கு டீக்கடை பக்தவத்சலம்,
வளையல் கடை ருக்மாங்கதன்.
ஷமீமாவை மாத்திரை வாங்க அனுப்பியிருந்தேன்.
ருக்மாங்கதன் இனிஷியலை யோசித்து யோசித்துப் போடுவதற்குள்
வந்துவிட்டாள்.

தாளைப் பார்த்தாள், படிக்கவில்லை.
மெஷின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
பழக்கத்தில் கேட்டாள்,
"எத்தனை காப்பிக்கா?"