தண்ணீர்த் தீர்வை

ஃபுன்ஷால் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
ஈரலில் வெள்ளையாய் ஒரு முட்டு.
"கோடை வரைக்கும்?" என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

மலையேறும் பேருந்தில் கணக்குப் போட்டேன்.
முப்பத்தெட்டு வருஷம் நான் லெவாதாக்காரன்.
மதெய்ராவின் மலைவயிற்றைக் கீறி ஓடும் வாய்க்காலை
இன்னாருக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்துவிட்டவன்.
ஒரு மண்வெட்டி, ஒரு கடிகாரம், ஒரு சங்கு.
சங்கு ஊதினால் ஒருவன் முறை முடிந்தது,
அடுத்தவன் முறை தொடங்கியது.
மேல்முறையீடு கிடையாது.
மடை திறந்தவன் நான்.
மடையனும் நான்தான், கேளுங்கள்.

ஆத்தும சோதனைக்குக் கோவிலில் ஒரு தாள் தருகிறார்கள்,
பத்துக் கட்டளையும் கேள்வியாக.
பொய் சொன்னேனா, களவு செய்தேனா,
பிறர் தாரத்தை...
தெயோலிண்டா அப்போது யாருக்கும் தாரமில்லை.
ஜசீந்துவின் படிவயலுக்கு அடுத்த படி அவளுடையது.
அவன் முறையில் ஏழு நிமிடம் மீதமிருக்க
சங்கை எடுத்து ஊதினேன்.
தண்ணீர் திரும்பி அவள் திராட்சைக்குப் போனது.
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு தரமும்.
கொடி மட்டும் பருத்தது.

பாதர் எல்மீரோவுக்கு என் மண்வெட்டியின் வயதுகூட இல்லை.
சல்லடைக்கு அப்பாலிருந்து கேட்டார்: "எத்தனை தடவை?"
பதினொரு கோடை, சுவாமி. கோடைக்குப் பன்னிரண்டு முறை.
நூற்று முப்பத்திரண்டு தடவை.
பதினைந்து மணி இருபத்து நான்கு நிமிடத் தண்ணீர்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பெருக்கிப் பார்த்தார் போல.
பிறகு: "எடுத்ததைத் திருப்ப வேண்டுமே."

எப்படித் திருப்ப?
வள்ளிக்கிழங்கு வெம்பிய வருஷம்
கப்பலேறிக் கராகஸ் போனான் ஜசீந்து.
அங்கேயே மண்ணானான்.
என் பங்கு பதினைந்து நாளுக்கு நாற்பது நிமிடம்.
கடன் அடைய இரண்டு கோடை வேண்டும்.
இதுவோ நவம்பர்.
வாய்க்கால் வழிந்து சாலையில் ஓடுகிறது,
யாருக்கும் வேண்டாத தண்ணீர்.
இதைக் கொடுத்து எந்தக் கடனைக் கழிப்பது?
மற்றவர்கள் நல்மரணம் கேட்டு ஜெபிக்கிறார்கள்.
நான் மே மாதம் கேட்டு ஜெபிக்கிறேன்.

அவன் மகள் யுஸ்மாரி திரும்பி வந்து இரண்டு வருஷம்.
அங்கே ரொட்டிக்கே வரிசையாம்.
அப்பன் படியில் பாசிப்பழக் கொடி ஏற்றியிருக்கிறாள்.
சல்லடைக்குச் சொன்னது கால்மணி நேரம்.
முகத்துக்குச் சொல்ல நாலு நாள் பிடித்தது.
கூலி கேட்கிறவன் மாதிரி மழையில் வாசலில் நின்று
சொன்னேன். என் முறையை
உன் பேருக்கு எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை.
உள்ளே போய்விட்டு வந்தாள்.
கையில் அவன் கடிகாரம்.
"ஊரில் இருக்கும்போதே இது ஏழு நிமிடம் பிந்துமாம்.
சங்குக்கு ஒத்தே வராதாம்.
ரெண்டு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தாராம்.
அப்புறம் முன்னே தள்ளி வைத்துவிட்டார்.
பேருந்துக்கு, வேலைக்கு, பூசைக்கு,
எதற்கும் ஏழு நிமிடம் முன்னால் போய் நிற்பார் அப்பா.
மழையிலும் நிற்பார்."

பாவி, என்னைச் சந்தேகப்படவில்லை அவன்.
கடிகாரத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறான்.
இதற்கு அந்தத் தாளில் கேள்வி இல்லை.
காப்பி தந்தாள். சர்க்கரை போடவில்லை.
மறந்தாளோ என்னவோ. குடித்தேன்.

அவஸ்தை பூச எண்ணெயோடு சுவாமி வருவார், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை.
ஊர் ஊராய்த் தண்ணீர்த் தீர்வை வாங்கியவனுக்கு
நடுத்தீர்வை விளங்காததா?
ரசீது, கணக்கு, நிலுவை.
எக்காளமும் சரியான நேரத்துக்கே முழங்கும்,
ஊதுகிறவன் நானில்லை.
ஆனால் குழிகள் திறந்து எல்லோரும் எழுமுன்,
ஏழு நிமிடம் முன்னதாகவே,
அந்த வெட்டவெளியில் வந்து நிற்பான் ஜசீந்து,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு,
கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டு.

நேற்றிரவு என்னுடையதையும் முன்னே தள்ளி வைத்தேன்.
மழை விடவில்லை.