லாம்

ஃபஹாஹீலில், கடலுக்கு இரண்டு தெரு பின்னால்,
கீழே ஷவர்மா கடை, மேலே தையற்கடை,
நடுமாடியில் எங்கள் கிளினிக்.
வரவேற்பு மேசையில் நான்.
தமிழ் ஆட்கள் வந்தால்
சம்மதப் படிவத்தை வாசித்துச் சொல்வதும் நான்தான்.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

சிவக்கலாம்.
வீங்கலாம்.
கொப்புளம் வரலாம்.
கறுத்துப் போகலாம், வெளுத்தும் போகலாம்.
தழும்பு நிற்கலாம்.
அபூர்வமாய், முடி முன்னைவிட அடர்ந்தும் முளைக்கலாம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்
ஒவ்வொரு ஆபத்துக்கும் முன்னால்
வாட்ச்மேன் மாதிரி தனியாக நிற்கிறது.
நமக்கு அது வினையின் வாலில்,
மூச்சு முடிகிற இடத்தில்.
பதினோரு லாம்.
ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

தமயந்தி பள்ளிப் பேருந்தில்
பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள்.
தாடையில் இருபது முப்பது முடி.
கேஜி பையன் ஒருவன் தொட்டுப் பார்த்து
'ஆன்ட்டி, நீங்க அங்கிளா?' என்றிருக்கிறான்.
ஆறு தடவைக்கு நாற்பத்தைந்து தினார்.
இரண்டு இருபது, ஒரு ஐந்து,
கைப்பையின் உள்ஜிப்பிலிருந்து எடுத்தாள்.

வெயிலில் வேலையா என்று கேட்டது படிவம்.
'பஸ்ஸுக்குள்ளதானே' என்றாள்.
இல்லை என்று டிக் போட்டேன்.

தாடைக்கடியில் ஒரு புள்ளி சுட்டுப் பார்த்து
இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.
அன்று வியாழன். உட்கார இடமில்லை.
முந்தைய ஆள் நல்ல வெளுப்பு;
மெஷினில் அவளுக்கு வைத்த எண்
அப்படியே இருந்தது.
ரப்பர் பேண்டால் சுண்டினாற்போல் இருக்கும் என்று
சொல்லி அனுப்பியிருந்தேன்.
'சுண்டுற மாதிரி இல்லக்கா, சூடு வெக்கிற மாதிரி'
திரைக்குள்ளிருந்து கேட்டது.
போனில் ஒரு ஆள். வைத்துவிட்டு எழுந்து,
மேரிகிரேஸிடம் சொல்வதற்குள்
முடிந்துவிட்டது.
வலிக்கலாம் என்பது
பட்டியலில் இருந்ததுதான்.

பிறகு கையில் கொடுத்த தாள்:
குளிர்ந்த துணி ஒற்று, தேய்க்காதே.
பொருக்கைப் பிய்க்காதே.
முடியைப் பிடுங்காதே.
ஐம்பது எண் போட்ட கிரீம், இரண்டு மணிக்கு ஒரு தரம்.
சுடுதண்ணீர் வேண்டாம்.
மே மாதத்தில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து
பச்சைத் தண்ணீர்க் குழாயே கொதித்து வருகிற ஊரில்
அதை எழுதியவர் யார்?
ராத்திரியே வாளியில் பிடித்து வை என்று
நானாவது சொல்லியிருக்கலாம்.

ஏழாம் நாள் வந்தாள்.
தாடையில் மூன்று கட்டம்,
தீப்பெட்டி தீப்பெட்டியாக,
ஓரம் கூட அச்சு.
கதவோர இருக்கை, திரையில்லாத ஜன்னல்,
காலையும் மதியமும் இரண்டிரண்டு நடை.

'கறுக்கலாம்னு சொன்னேனே' என்றேன்.
'சொன்னீங்க. லாம்னு சொன்னீங்க.
எங்க சாயல்குடிப் பக்கம்
மழை வரலாம்னு முப்பது வருசமா சொல்றாங்க.'

டாக்டர் நாதியா விளக்கடியில் பார்த்தார்.
ஆறு மாதம், ஒரு வருடம், மங்கிவிடும், பெரும்பாலும்.
நான் வாயைத் திறந்தேன்.
மங்கலாம் என்றே வந்தது.
தமயந்தி சிரித்தாள்; சிரித்தால் கட்டங்கள் இழுபட்டு வலிக்க,
நிறுத்திக்கொண்டாள்.

'இன்னும் அஞ்சு தடவை பாக்கி இருக்கே.
காசு குடுத்தாச்சு.
வரலாமா?'

மேனேஜர் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது.
'வராதீங்க' என்றேன்.
'என்ன கேட்கிறாள்?' என்றார்.
'தேதி' என்றேன்.

வாசலில் அடுக்கியிருந்த இலவசச் சாமானில்
கார் கண்ணாடிக்கு மாட்டும் வெயில்தட்டி இருந்தது,
வெள்ளிப் பளபளப்பு, எங்கள் பெயரும் நம்பரும் அச்சடித்தது.
இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மெதுவாக வாசிக்கிறேன்.
கொப்புளம் வரும், எல்லாருக்கும் இல்லை,
நம்ம நிறத்துக்குக் கூடுதல்,
யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது.
போன வாரம் இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல்
இறங்கிப் போனார்கள்.
மேனேஜர் கணக்கு வைத்திருக்கிறார்.

ஒன்றே முக்காலுக்கு
மஞ்சள் பேருந்து சிக்னலில் நிற்கும்.
கதவோர ஜன்னலில் எங்கள் கிளினிக் பெயர்,
தலைகீழாக ஒட்டி,
வெயிலை எங்கள் பக்கமே திருப்பி அடிக்கிறது.